மேடைத் தமிழில் பெருந்தலைவர்

சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர் அதனோடு அமையாமல், அவையறிதல், அவையஞ்சாமை என மேலும் இரண்டு அதிகாரங்களை அமைத்துள்ளார். சொல்லும் திறம் ஒன்று; கேட்போரை அறியும் திறம் மற்றொன்று; அவர்முன் கலங்காது நிற்கும் உள்ளத் திண்மை பிறிதொன்று. முதலாவதை மட்டுமே கொண்டு பேச்சாளரை அளப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வளவுகோலால் அளந்தால், விருதுநகர் ஈன்ற காமராசர் பேச்சாளர் வரிசையிலேயே இடம்பெற மாட்டார். அவர் பேச்சில் எதுகை இல்லை, அடுக்குமொழி இல்லை, இலக்கிய மேற்கோள் அரிது. ஆயினும் அவர் பேசியபின் ஊர்கள் செயலில் இறங்கின. இம்முரண் ஆராய்தற்குரியது.

குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாக 1903 ஜூலை 15இல் அவர் பிறந்தபோது அவ்வூர் விருதுபட்டி என்றே வழங்கிற்று. வீடுதோறும் பிடியரிசி திரட்டி ஊரார் வளர்த்த க்ஷத்திரிய வித்தியாசாலையில் பயின்றார். இளமையிலேயே தந்தையை இழந்ததால் படிப்பு இடையில் நின்றது. தாய்மாமன் கருப்பையா நாடாரின் ஜவுளிக் கடை அவர்க்கு அடுத்த பள்ளியாயிற்று. வாடிக்கையாளர் முகம்பார்த்து வேண்டிய அளவே பேசும் பயிற்சியைக் கடையின் கல்லாப்பக்கம் அவர்க்குத் தந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

அக்காலத்து அரசியல் மேடை பெரும்பாலும் ஆங்கில மேடை. படித்தோர் படித்தோர்க்குப் பேசிய அந்நிலையை மாற்றித் தமிழை மேடைக்குக் கொணர்ந்தவருள் திரு.வி.க.வும் டாக்டர் வரதராசலு நாயுடுவும் முதன்மையானோர். நாயுடுவின் முழக்கம் அரசினரை அஞ்சவைத்தது. 1918இல் மதுரையில் ஆற்றிய சொற்பொழிவுக்காகவே அவர் வழக்கைச் சந்திக்க நேர்ந்தது. கடையை விட்டுவிட்டு அவர் கூட்டங்களுக்கு ஓடிய இளைஞருள் காமராசரும் ஒருவர். மருமகனின் போக்கைக் கண்டு அஞ்சிய குடும்பத்தார், திருவனந்தபுரத்தில் மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அவரை அனுப்பிப் பார்த்தனர். பயன் விளையவில்லை. 1933இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராசர் சிக்கவைக்கப்பட்டபோது அவர்க்காக வழக்காட வந்தோர் அதே வரதராசலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் ஆவர். கீழே அமர்ந்து கேட்டவனைக் காக்க மேடையில் நின்றவரே வந்தார். வழக்கும் வெற்றி பெற்றது.

அவர் மேடையேறுமுன் நெடுங்காலம் கேட்பவராகவே இருந்தார் என்பது கருதத்தக்கது. தொண்டராக ஊர் ஊராக நடந்தார். 1930இல் வேதாரணிய உப்பு அறப்போரில் ஈடுபட்டு அலிப்புரம் சிறைக்குச் சென்றார். பள்ளி தராத கல்வியைச் சிறைகள் தந்தன. நூல்களும் செய்தித்தாள்களும் அவர்க்கு ஆசிரியராயின. ஆங்கிலச் செய்தித்தாளைப் படித்துணரும் அளவுக்கு அவர் உயர்ந்தது இவ்வழியில்தான்.

இனி, அவர் வாழ்வின் சுவைமிக்க பகுதி தீரர் சத்தியமூர்த்தியோடு கொண்ட நட்பாகும். திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒருங்கே முழங்கவல்லவர்; தில்லி மத்திய சட்டசபையையே தம் நாவன்மையால் ஈர்த்தவர். 1936இல் அவர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவரானபோது காமராசர் செயலாளரானார். இத்தகைய ஆசானிடம் அமர்ந்த மாணவன் ஆசானின் நடையைப் போலச் செய்வதே உலக இயல்பு. எத்தனையோ இளம் பேச்சாளர்கள் தாம் வியந்தவரின் குரலையும் கையசைவையும் கூடக் கடன் வாங்கித் தம்மை இழந்திருக்கின்றனர். காமராசர் அவ்வாறு செய்யவில்லை. குருவிடம் அவர் கற்றது நாவன்மையை அன்று. அவைக்கு அஞ்சாத துணிவை. சொல்லைத் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே எடுத்துக்கொண்டார். தென்பாண்டிச் சீமைப் பேச்சு வழக்கும், தொடர்தோறும் வந்து ஒட்டிக்கொள்ளும் ‘னேன்’ என்னும் ஈறும் அவர் மேடைப் பேச்சிலும் அப்படியே நின்றன. பின்னாளில் எள்ளியோர் உண்டு, அவர் திருத்திக்கொள்ளவில்லை.

1942 ஆகஸ்டில் பம்பாய் மாநாட்டிலிருந்து திரும்பியவர், காவலர் காத்திருந்த சென்னைக்குச் செல்லாமல் அரக்கோணத்திலேயே இறங்கினார். மறைந்து மறைந்து மாவட்டந்தோறும் தொண்டர்களைச் சந்தித்துப் போராட்டச் செய்தியைச் சேர்ப்பித்த பின்னரே விருதுநகர் வந்து காவலர்க்குத் தம்மை ஒப்புவித்தார். மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. நாலைந்து பேர் நடுவே தாழ்ந்த குரலில் சில சொற்கள். அவருடைய பேச்சாற்றலுக்கு மிகச் சிறந்த சான்று இதுவே எனலாம்.

1954 ஏப்ரல் 13இல் அவர் முதலமைச்சரானபோது தமிழகம் பேச்சுக்கலையின் பொற்காலத்தில் இருந்தது. அறிஞர் அண்ணாவின் தமிழைக் கேட்க மாணவர்கள் நள்ளிரவு வரை காத்துக் கிடந்தனர். அந்த அலைக்கு எதிரே காமராசர் எடுத்த ஆயுதம் கேள்வி. கரிசல் காட்டு உழவரும், தீப்பெட்டி ஒட்டும் பெண்டிரும், சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளரும் கூடிய கூட்டங்களில் அவர் தத்துவம் பேசவில்லை. ஊரில் பள்ளி உண்டா, பிள்ளைகள் போகின்றனரா, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பனவே அவர் பேச்சின் பொருள். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழில், வானம் பார்த்த பூமிக்குச் சோறு போட்டது. ஆனால் குழந்தைகளின் கைகளையும் அது கேட்டது. அத்தகைய மண்ணில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புக என்பது இனிய அறிவுரை அன்று; ஒரு வீட்டின் அன்றாடக் கூலியைக் குறைக்கும் வேண்டுகோள். அதனைத் தாயர்முன் சொல்லுதற்கு நாவன்மை போதாது. சொல்பவர் அவ்வறுமையை அறிந்தவர் என்னும் நம்பிக்கை வேண்டும், மாற்றும் வேண்டும். 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய பகலுணவுத் திட்டம் அம்மாற்றாயிற்று. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு துணைநிற்க, 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலமும் கட்டடமும் தளவாடமும் பள்ளிகளுக்கு வழங்கினர்.

மனுக் கொடுப்போரிடமும் அவர் வாக்குறுதிகளை வாரி வழங்கியதில்லை. உண்டென்றும் இல்லையென்றும் துணியாத சிறு சொல் ஒன்றே மறுமொழி. நாடறிந்த அச்சொல்லுக்குப் பின் செயல் இருக்கும் என்பதை மக்கள் பழக்கத்தால் அறிந்திருந்தனர். சட்டமன்றத்திலும் விரிவான விளக்கங்களைச் சி.சுப்பிரமணியம் போன்றோர்க்கு விட்டுவிட்டார். தமக்கு வாராததைத் தெரிந்து விலகுதலும் அவையறிதலே.

1963 அக்டோபர் 2இல் பதவி துறந்தார். 1964 சனவரியில் புவனேசுவர மாநாட்டில் அகில இந்தியக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். இந்தி பேசும் மாநிலங்களில் அவர் தமிழிலேயே பேச, உடன் வந்தோர் மொழிபெயர்த்தனர். குறுந்தொடர்களாகப் பேசுவோர்க்கு மொழிபெயர்ப்பாளரால் இழப்பில்லை. அணிநயத்தை நம்புவோர்க்குத்தான் இழப்பு மிகுதி.

எனினும் எளிய பேச்சு எக்காலும் வெல்லும் என்று முடிவுகட்டிவிட இயலாது. 1967 பொதுத்தேர்தலில், அரிசித் தட்டுப்பாடும் 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்பின் வடுவும் மக்கள் மனத்தில் கனன்றுகொண்டிருந்தன. தேர்தலுக்குச் சற்றுமுன் நேர்ந்த வாகன விபத்து காமராசரைப் படுக்கையில் வீழ்த்தியது. அவருடைய பலம் முழுவதும் மக்கள்முன் நேர்நின்று பேசுவதில் இருந்தது. அதற்கே அன்று வழியில்லாது போயிற்று. எதிர்த்து நின்றவர் மாணவர் தலைவர் பெ.சீனிவாசன். சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 வாக்குகளில் காமராசர் தோற்றார்.

இரண்டாண்டுகளில், 1969ஆம் ஆண்டு நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில், தம் மாவட்டமல்லாத மக்கள்முன் சென்று நின்றார். அதே குட்டைத் தொடர்கள், அதே விருதுபட்டித் தமிழ். நாகர்கோவில் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். 1971இலும் அவரையே அனுப்பினர். 1975 அக்டோபர் 2இல் மறையும்வரை அவர் அத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்.