ஜூலியஸ் வொன் சாக்ஸ்

ஜூலியஸ் வொன் சாக்ஸ் (அக்டோபர் 2, 1832 – மே 29, 1897) ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆவார். தாவர உடலியங்கியல் தனித்துறையாக உருப்பெற்றதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. மண் இன்றி, உப்புகள் கரைந்த நீரில் செடி வளர்க்கும் முறையை ஆய்வுக் கருவியாக ஆக்கியவர்களில் இவர் முதன்மையானவர். நீரில் வளரும் இளஞ்செடியின் இலை ஏன் வெளுக்கிறது என்பதைச் சோதனையால் அறியும் வழி இவரது ஆய்வுகளால் வலுப்பெற்றது.

வாழ்க்கை

சாக்ஸ் பிரெஸ்லாவு நகரில் (இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃப்) பிறந்தார். தந்தை செதுக்கோவியத் தொழிலாளர். ஓவியப் பயிற்சி அவரிடமிருந்தே கிடைத்தது. 1848இல் தந்தையும் அடுத்த ஆண்டில் தாயும் இறந்ததால் படிப்பு தடைப்பட்டது. பிராகா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உடலியங்கியலாளர் புர்க்கின்யே 1851இல் இவரைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். 1856இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்ற சாக்ஸ், 1859இல் தாராண்ட், 1861இல் பான் நகரை அடுத்த பாப்பல்ஸ்டார்ஃப், 1867இல் ஃபிரைபுர்க் எனப் பல இடங்களில் பணியாற்றி, 1868இல் வூர்ட்ஸ்புர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இறுதிவரை அங்கேயே இருந்தார்.

நீர்வளர்ப்பும் வெளிறலும்

துளையிட்ட தக்கையில் நாற்றைப் பொருத்தி, வேர் மட்டும் கண்ணாடிச் சாடியிலுள்ள கரைசலில் மூழ்கும்படி சாக்ஸ் வளர்த்தார். 1860ஆம் ஆண்டளவில் வெளியான இவரது கரைசலில் 1 லிட்டர் நீருக்கு 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டும், கால்சியம் சல்பேட்டு, மக்னீசியம் சல்பேட்டு, கால்சியம் பாஸ்பேட்டு ஆகியவை ஒவ்வொன்றும் அரை கிராமும், சோற்றுப்பும், சிறிதளவு இரும்பு உப்பும் இருந்தன. வில்ஹெல்ம் நோப் என்பவரும் அதே காலத்தில் இவ்வழியில் வெற்றி கண்டார்.

இம்முறையின் சிறப்பு, ஓர் உப்பை மட்டும் விலக்கிப் பார்க்க முடிவதே. மண்ணில் இது இயலாது. இரும்பு இல்லாத கரைசலில் மக்காச்சோள நாற்றின் முதல் சில இலைகள் பச்சையாகவே வந்தன. விதையில் சேமிப்பாக இருந்த இரும்பு அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. அதன் பின் வந்த இலைகள் அடிப்பகுதியில் வெளுத்தும், அதற்கடுத்தவை முழுதும் வெள்ளையாகவும் தோன்றின. கரைசலில் இரும்பு உப்பைச் சேர்த்ததும் சில நாட்களில் பச்சை திரும்பியது. வெளுத்த இலையின் மேல் இரும்புக் கரைசலைத் தடவியபோது தடவிய இடம் மட்டும் பச்சையானது. இலையில் இரும்பு உப்பைத் தெளித்து வெளிறலைப் போக்கலாம் என்பதைப் பிரான்சு நாட்டின் யூசெப் கிரி 1840களிலேயே காட்டியிருந்தார். எனவே இக்கண்டுபிடிப்பு முழுவதையும் சாக்ஸுக்கே உரியதாகக் கூறுவது சரியன்று. 1888இல் தோட்டச் செடிகளின் வெளிறலுக்குச் செய்த மருத்துவம் பற்றியும் சாக்ஸ் எழுதினார்.

போரான், துத்தநாகம், செம்பு போன்றவற்றின் தேவையை இவரது கரைசல் காட்டவில்லை. அக்கால உப்புகளில் கலந்திருந்த மாசுகளே அவற்றை வழங்கிவிட்டன.

இன்றைய பயன்

எந்த இலை முதலில் நிறம் மாறுகிறது என்பதே நோயறிதலின் முதற்கேள்வி. நைட்ரஜனும் மக்னீசியமும் முதிர்ந்த இலையிலிருந்து தளிருக்கு நகரக்கூடியவை. ஆகவே அவை குறைந்தால் கீழிலை மஞ்சளாகும். இரும்பு அவ்வாறு எளிதில் நகராது; தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். வேர்விடாத தண்டுத் துண்டுகளுக்குக் கரைசலில் இரும்பைக் கூட்டினாலும் பெரும்பயன் இல்லை, இலைவழியே தருவதே உதவும். கரைசல் காரத்தன்மை அடைந்தால் அதிலுள்ள இரும்பு வீழ்படிவாகிவிடும். இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காத இந்நிலையைக் குறைபாடு என எண்ணி மேலும் மேலும் உரமிடுவது பரவலான பிழை.

கோயம்புத்தூர் மாவட்டத்தின் சுண்ணாம்பு மிகுந்த நிலங்களிலும் இதுவே நிகழ்கிறது. அன்னூர் போன்ற ஊர்களின் உழவர்களுக்குச் சுக்கான் கல் கலந்த மண் புதிதன்று. இத்தகைய மண்ணில் கரும்பின் தளிர் வெளுக்கும்போது அன்னபேதிக் கரைசலைத் தெளிப்பது சாக்ஸ் இலையில் தடவிய அதே மருத்துவமாகும்.

பிற பணிகளும் இறுதிக் காலமும்

ஒளியில் இலையினுள் தோன்றும் மாவுப்பொருளை 1860களில் இவர் விளக்கினார். பச்சையம் நீக்கிய இலையை அயோடினில் இடும் பள்ளிச் சோதனை இவர் வழியே பரவியது. 1868இல் வெளியான தாவரவியல் பாடநூல் பல மொழிகளுக்குச் சென்றது. ஹியூகோ டி விரீஸ், வில்ஹெல்ம் ஃபெஃபர், ஃபிரான்சிஸ் டார்வின் ஆகியோர் இவரது ஆய்வகத்தில் பயின்றோர்.

வேரின் நுனியே புவியீர்ப்பை உணர்கிறது என்று 1880இல் சார்லஸ் டார்வினும் ஃபிரான்சிஸ் டார்வினும் எழுதியதைச் சாக்ஸ் கடுமையாக மறுத்தார். இவ்விடயத்தில் டார்வினே சரி எனப் பின்னர் தெளிவானது. கருத்து மாறுபட்டோரிடம் சாக்ஸ் கடுமை காட்டியது சக ஆய்வாளர்களிடமிருந்து இவரைப் பிரித்தது. இறுதி ஆண்டுகளில் உடல்நலம் குன்றியிருந்த இவர், தமது 64ஆவது வயதில் வூர்ட்ஸ்புர்க் நகரில் காலமானார்.