யே ஜோ ஹை ஜிந்தகி எழுதிய ஷரத் ஜோஷி

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் மாலை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் போய் நின்றால் தமிழுக்குச் சமமாக இந்தியும் காதில் விழுகிறது. பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் டீக்கடையிலும் ரயில் நிலையத்திலும் நிறைந்திருக்கிறார்கள். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் பகுதிக்கு இந்தி வந்த வழி வேறு. அது மொட்டை மாடி ஆன்டெனா வழியாக வந்தது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. 1982இல் தேசிய ஒளிபரப்பு வந்தபிறகு, இரவில் தமிழ் நிகழ்ச்சிகள் முடிந்ததும் டெல்லியிலிருந்து இந்தி வரும். அப்போது திருவள்ளூர் மாவட்டமே கிடையாது, நாமெல்லாம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள். தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிது. இந்தி ஆரம்பித்தவுடன் கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடும். உருது பேசும் வீடுகளில் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது புரிந்தது. வெள்ளிக்கிழமை இரவானால் அந்த வீடுகளிலிருந்து சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்கும். புரியாதவர்களும் திரும்பிப்போய் வாசலில் நின்று, நடிப்பைப் பார்த்தே சிரித்ததுண்டு.

அந்தத் தொடரின் பெயர் 'யே ஜோ ஹை ஜிந்தகி'. 1984இல் தூர்தர்ஷனில் தொடங்கியது. இந்தியத் தொலைக்காட்சியின் முதல் நகைச்சுவைத் தொடர் என்று பலரும் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அதில் நடித்தவர்களை நினைவு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எழுதியவரை யாரும் கேட்பதில்லை. அவர் பெயர் ஷரத் ஜோஷி.

1931 மே 21 அன்று மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜயினியில் பிறந்தவர். தந்தைக்கு அடிக்கடி இடமாற்றம் வரும் அரசு வேலை என்பதால், சிறுவயது ஊர் ஊராகக் கழிந்தது. அந்தச் சின்ன ஊர்களின் அலுவலகங்களும் கடைத்தெருக்களும் பின்னாளில் அவருடைய எழுத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தூர் ஹோல்கர் கல்லூரியில் பட்டம் பெற்றார். இந்தூரின் 'நயி துனியா' நாளிதழில் 'பரிக்ரமா' என்ற பத்தியை எழுதினார். பிறகு மாநில அரசின் செய்தித் துறையில் வேலை கிடைத்தது.

1958இல் இர்ஃபானா சித்தீக்கியை மணந்தார். இர்ஃபானா போபாலைச் சேர்ந்தவர். அவரும் எழுதுபவர், வானொலியிலும் மேடையிலும் நடித்தவர். இருவரும் வெவ்வேறு மதத்தவர். அந்தக் காலத்தில் போபால் போன்ற ஓர் ஊரில் இது எத்தனை பேச்சுக்கு இடமளித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று பெண் குழந்தைகள் பிறந்தார்கள். அவர்களில் நேஹா ஷரத் நடிகையாகவும் கவிஞராகவும் அறியப்பட்டவர்.

அரசு வேலையில் இருந்துகொண்டு அரசைக் கிண்டல் செய்வது எத்தனை நாள் நடக்கும்? ஒருகட்டத்தில் ஷரத் ஜோஷி வேலையை விட்டுவிட்டார். மாதச் சம்பளம் போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று. பேனா மட்டுமே வருமானம். இன்று நம் பிள்ளைகளில் ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தால் நாம் என்ன சொல்வோம் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த முடிவின் கனம் தெரியும்.

அவர் எதை எழுதினார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கடலைப் பயிரைப் புழு தின்கிறது என்று செய்தி வருகிறது. வேளாண்மை அதிகாரிகள் ஜீப்பில் பார்வையிடப் போகிறார்கள், எழுத்தாளரும் கூடப் போகிறார். வயல் வயலாக இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஜீப் நிறையப் பச்சைக் கடலைச் செடிக் கட்டுகள். பயிரைத் தின்னும் புழுக்கள் வயலில் மட்டும் இல்லை, ஜீப்பிலும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்று அவருக்குப் படுகிறது. 'ஜீப் பர் சவார் இல்லியான்' என்ற இந்தப் படைப்பின் பெயரிலேயே ஒரு தொகுப்பும் வந்தது. ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் இது எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும்.

இன்னொன்று அவருடைய நாடகம், 'ஏக் தா கதா உர்ஃப் அலாதாத் கான்'. ஒரு நவாபுக்குச் சுலபமாக நல்ல பெயர் வாங்க ஆசை. அலாதாத் என்று யாரோ இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, ஏழையின் ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்கப்போவதாக அறிவித்துவிடுகிறார். ஏற்பாடெல்லாம் ஆனபிறகுதான் தெரிகிறது, அலாதாத் என்பது சலவைத் தொழிலாளி ஒருவரின் கழுதை! அறிவித்ததைத் திரும்பப் பெற முடியுமா? அதே பெயருள்ள ஒரு மனிதனைத் தேடுகிறார்கள். அலாதாத் கான் என்ற அப்பாவி அகப்படுகிறான், அவன் உயிர் போகிறது. பார்வையாளர்கள் பாதி நாடகம்வரை வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுக் கடைசியில் வாயடைத்துப் போவார்கள். இந்தி மேடைகளில் இது இன்றும் போடப்படுகிறது. நம் கருத்தில் அவருடைய மிகச் சிறந்த படைப்பு இதுதான், தொலைக்காட்சித் தொடர் அல்ல.

வேலையை விட்டவருக்கு மும்பைதான் கதி. 'ஹிந்தி எக்ஸ்பிரஸ்' வார இதழுக்கு ஆசிரியராக இருந்தார், அது நீடிக்கவில்லை. திரைப்படங்களுக்கு வசனம் எழுதினார். பாசு சாட்டர்ஜியின் 'சோட்டி சி பாத்' (1976), கிரீஷ் கர்னாடின் 'உத்சவ்' (1984) ஆகியவை அவற்றில் சில. கவி சம்மேளன மேடைகளில் கவிஞர்களுக்கு நடுவே உரைநடையைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பார். பாட்டுக்காக வந்த கூட்டம் இவருடைய உரைநடைக்கும் கைதட்டியது.

இந்தப் பின்னணியோடுதான் அவர் தொலைக்காட்சிக்கு வந்தார். தூர்தர்ஷன் அதுவரை பெரும்பாலும் செய்தியும் வேளாண்மையும் பாட்டுமாக இருந்தது. விளம்பரதாரர் செலவில் தொடர் எடுக்கலாம் என்ற முறை வந்ததும் 1984 ஜூலையில் 'ஹம் லோக்' தொடங்கியது. அதே ஆண்டில் 'யே ஜோ ஹை ஜிந்தகி'யும் வந்தது. இயக்கியவர்களில் முக்கியமானவர் 'ஜானே பீ தோ யாரோ' எடுத்த குந்தன் ஷா.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஷஃபி இனாம்தாரும் ஸ்வரூப் சம்பத்தும் கணவன் மனைவி. மனைவியின் தம்பியாக ராகேஷ் பேடி, வேலை தேடிக்கொண்டு அக்கா வீட்டிலேயே இருப்பவர். சதீஷ் ஷா வாரம் ஒரு வேடத்தில் வந்து குழப்பத்தை உண்டாக்குவார். வாரம் ஒரு சிக்கல், அரை மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். மாமியார் கொடுமை இல்லை, அழுகை இல்லை, அடுத்தவரைக் கேவலப்படுத்தும் சிரிப்பும் இல்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடிந்தது என்று அக்காலத்துப் பெரியவர்கள் இப்போதும் சொல்வதற்குக் காரணம் அந்த எழுத்துதான். புலிக்கு நகம் வெட்டிவிட்டார்கள் என்று அவருடைய பழைய வாசகர்கள் குறைப்பட்டிருக்கலாம். ஜீப்பில் ஏறிய புழுக்களை அரசுத் தொலைக்காட்சியில் காட்ட முடியாது அல்லவா!

அந்த நகம் நாளிதழில் அப்படியே இருந்தது. 'நவபாரத் டைம்ஸ்' இதழில் 'பிரதிதின்' என்ற பெயரில் அவர் எழுதிய பத்தி தினமும் வந்தது. சுமார் ஏழு ஆண்டுகள் இது தொடர்ந்தது. அந்தப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே வருவோம் என்று சொன்ன வாசகர்கள் வட மாநிலங்களில் ஏராளம். 'வாஹ் ஜனாப்' போன்ற வேறு தொடர்களும் இடையில் வந்தன. 1990இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

1991 ஜூலையில் அவர் வசனம் எழுதிய 'தில் ஹை கி மான்தா நஹீன்' வெளியாகி நன்றாக ஓடியது. செப்டம்பர் 5 அன்று மும்பையில் காலமானார். வயது 60.

மத்தியப் பிரதேச அரசு அவர் பெயரில் விருது வழங்கிவருகிறது. 2009இல் அவருடைய கதைகளை வைத்து 'லாபதாகஞ்ச்' என்ற தொடர் சப் தொலைக்காட்சியில் வந்தது. வரைபடத்தில் இல்லாத ஒரு சிற்றூர். தண்ணீர் வராத குழாய், நகராத கோப்பு, அதற்கு நடுவில் வாழும் மனிதர்கள். எழுதியவர் இறந்து 18 ஆண்டுகள் ஆகியும் கதைகளில் மாற்ற வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

பழைய 'யே ஜோ ஹை ஜிந்தகி' பகுதிகள் சில இணையத்தில் கிடைக்கின்றன. வீட்டில் உருது தெரிந்த நன்னிம்மாவோ தாதாவோ இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள், வசனத்தை அவர்களே சொல்லித் தருவார்கள்.