தோல்விக்குப் பின்னும் தொண்டு: டாக்டர் ப. சுப்பராயன்

நாமக்கல் வட்டாரத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயனை, அவர்தம் புகழ்மிக்க மக்களைக் கொண்டு மட்டும் அறிதல் போதாது என்பது நம் எண்ணம்.

1889இல் பிறந்த அப்பெருந்தகை, 1926இல் கட்சி சாராதவராய்ச் சென்னை மாகாண முதலமைச்சரானார். 1928இல் சைமன் குழுவை முன்னிட்டு அமைச்சர் இருவர் விலகினர். எனினும் ஆட்சி நின்றது. வகுப்புவாரி ஆணை செயலுற்றதும் அவர் ஆட்சியிலேதான். பன்னிரண்டு அரசுப் பணியிடங்களுள் இரண்டு முஸ்லிம்களுக்கு உரியவாயின.

1930 தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. முனுசாமி நாயுடு முதலமைச்சரானார். பதவி இழந்த சுப்பராயன் பொதுவாழ்வைத் துறந்தாரல்லர். முன்னாள் முதலமைச்சராய் இருந்தும், 1937இல் இராஜாஜியின் தலைமையில் அமைச்சராய்ப் பணியாற்ற இசைந்தார். பின்னர் இந்தோனேசியாவில் இந்தியத் தூதரானார். 1962இல் மராட்டிய மாநில ஆளுநராய் இருக்கையில் மறைந்தார்.

அவர் இழந்தது நாற்காலியை. அவ்வாணையால் நம்மவர் பெற்றது பணிவாய்ப்பை. தேர்தல் முடிவுகளை மட்டும் எண்ணி ஒருவரை அளத்தல் தகாதென மாணவர்க்கு நாம் உரைப்பது இதனாலேயாம்.