அருவியை ஆற்றலாக்கிய திவான்

வானின்று இழியும் நீர் மண்ணை நனைத்துப் பயிர் வளர்ப்பதை நம் முன்னோர் நன்கறிவர். அந்நீரே விளக்கையும் ஏற்றும் என்பது பின்னாளில் உலகம் கண்ட உண்மை. வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில், குண்டனி நாடு முதலிய மலைநாடுகளின் ஓடைகள் வீணே விழுந்தோடுவதை நாம் கண்டிருக்கிறோம். அம்மலை நீரைக்கொண்டு 20 மெகாவாட் மின்சாரம் பெறும் திட்டமொன்று நம் காலத்தில் வகுக்கப்பட்டது. அதனை எண்ணுந்தோறும், இத்துறையில் தென்னகத்திற்கு வழிகாட்டிய பெருமகனார் ஒருவர் நம் நினைவிற்கு வருகிறார். அவரே மைசூர்த் திவான் சர் சேஷாத்ரி ஐயர்.

1845ஆம் ஆண்டு பாலக்காட்டுப் பகுதியில் பிறந்த அவர், கோழிக்கோட்டிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1868இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தார். திவான் ரங்காசார்லு மறைந்தபின், 1883இல் அப்பதவியை ஏற்றுப் பதினெட்டு ஆண்டுகள் வகித்தார். 1876 முதல் 1878 வரை வாட்டிய கொடும் பஞ்சத்தின் வடு ஆறாத காலம் அது. ஆகவே புகைவண்டிப் பாதைகளையும் பாசனப் பணிகளையும் பெருக்குவதில் அவர் கருத்தைச் செலுத்தினார். பெங்களூருக்குக் குழாய்வழிக் குடிநீர் கிடைத்ததும் அவர் ஆட்சியிலேயே ஆகும்.

எனினும் அவர் புகழுக்கு மணிமுடியாய்த் திகழ்வது சிவசமுத்திர நீர்மின் நிலையமே. அங்கே காவிரி இரு கிளையாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்னும் அருவிகளாய் வீழ்கிறது. இடக்கரை மைசூருக்குரியது, வலக்கரைக் கொள்ளேகாலமோ அந்நாளில் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. காவிரி நீர் குறித்து இரு அரசுகளும் 1892இல் ஓர் உடன்படிக்கை செய்திருந்தன. மின் நிலையம் நீரைக் குடித்துவிடுவதில்லை; உருளையைச் சுழற்றியபின் ஆற்றுக்கே திருப்பிவிடுகிறது. ஆதலின் கீழ்ப்பகுதி உழவர்க்கு இழப்பின்றியே இப்பணி நடைபெற இயன்றது.

நீர் இருந்தது, மின்சாரத்தை வாங்குவோர் யார்? கோலார் தங்கச் சுரங்கங்களே விடையாயின. ஆனால் அவை 92 மைல் தொலைவில் இருந்தன. 1897இல் டார்ஜிலிங்கில் ஒரு சிறு நீர்மின் நிலையம் தோன்றியிருந்தபோதிலும், அத்துணைத் தொலைவுக்கு மின்சாரம் அனுப்புதல் உலகெங்கும் அரிய செயலாகவே இருந்தது. மின்னழுத்தத்தை மிக உயர்த்திக் கம்பிவழி அனுப்பி, சேருமிடத்தில் தாழ்த்துதலே அதற்குரிய முறை. ஜோலி டி லோட்பினியர் என்னும் பொறியாளர் திட்டத்தை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனம் நீருருளைகளையும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் மின்பொறிகளையும் வழங்கின. அரசின் பெரும்பொருளைப் புதுமையில் இடுவதா என்ற தயக்கம் எழுவது இயல்பே. மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாகச் சுரங்க நிறுவனங்களிடம் முன்னரே ஒப்பந்தம் பெற்று, அவ்வச்சத்தைப் போக்கியதில் திவானின் மதிநுட்பத்தைக் காண்கிறோம்.

ஆயினும் விதி வேறுவிதமாய் இருந்தது. உடல்நலம் குன்றி 1901இல் பதவி துறந்த அவர், அவ்வாண்டு செப்டம்பரிலேயே இயற்கை எய்தினார். 1902 ஜூன் 30ஆம் நாள் சிவசமுத்திரத்து மின்சாரம் கோலாரை அடைந்தபோது, அதைக் காண அவர் இல்லை. 1905இல் பெங்களூரின் தெருக்கள் மின்னொளி பெற்றன.

குறை கூறுவோரும் அவர்க்கு இருந்தனர். சென்னை மாகாணத்தாரையே உயர்பதவிகளில் அமர்த்தினார் என்று மைசூர் மக்கள் மனம் புழுங்கினர். அக்குறையை முற்றும் புறந்தள்ளுதற்கில்லை. மேலும், அம்மின்சாரம் முதலில் சென்றது குடிசைகளுக்கன்று. ஆங்கிலேயக் குழுமங்களின் சுரங்கங்களுக்கே. அங்கே ஆழ்குழியில் உழைத்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற நம் தமிழ்மக்கள். 2001இல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. அருவியின் ஆற்றலோ எஞ்சி நின்றது.

சிவசமுத்திரம் காட்டிய வழியில்தான் பின்னர் நம் மாநிலத்தில் பைக்காராவும் மேட்டூரும் எழுந்தன. தம் கண் காணாப் பயனுக்காக உழைத்தல் சான்றோர் இயல்பு. அதனை மாணவச் செல்வங்கள் சேஷாத்ரி ஐயரிடம் கற்றல் வேண்டும். மலைநீரை ஆற்றலாக்கும் இடமெங்கும், அதன் முதல் ஒளி அம்மலையில் வாழ்வோர் இல்லத்தில் எரிதல் வேண்டும் என்பதே அவர் வரலாற்றை நிறைவு செய்ய நாம் சேர்க்க வேண்டிய பாடம்.