வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி

ஊர் செஞ்சின்னு சொன்னா, கோட்டை இருக்கே, அந்த ஊரான்னு கேட்பாங்க. அதோட பேச்சு நின்னுடும். சின்ன ஊர்க்காரனுக்கு ஆராய்ச்சியெல்லாம் சரிப்படுமா என்று முதலாண்டில் எனக்கே சந்தேகம். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் அது இருக்கலாம். அவர்களுக்காக கே.எஸ். கிருஷ்ணனின் கதையைச் சொல்கிறேன்.

1898 டிசம்பர் 4-ல், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்து, கல்கத்தா போய் சி.வி. ராமனிடம் சேர்ந்தார்.

திரவத்தில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றத்தை வைத்தே மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்று சொல்லிவிடலாம். 1928-ல் இதை உலகுக்கு அறிவித்த கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன. ஆனால் விளைவுக்கு ராமன் பெயர்தான். 1930-ல் நோபல் பரிசும் ராமனுக்கே.

கிருஷ்ணன் சோர்ந்துவிடவில்லை. டாக்கா பல்கலைக்கழகம் சென்று படிகங்களின் காந்தப் பண்பை அளந்தார். மீண்டும் கல்கத்தா வந்தபின் அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று கிராஃபைட், நம்ம பென்சில் முனையில் இருக்கிற அதே பொருள். அது தாள் தாளாக அடுக்கி வைத்ததுபோல அமைந்தது. அடுக்கோடு போகும் மின்சாரம் சுலபமாகப் பாய்கிறது, அடுக்கைக் குறுக்கே கடக்க மிகவும் திணறுகிறது என்று 1939-ல் கங்குலியுடன் சேர்ந்து காட்டினார். 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1961 ஜூன் 14-ல் காலமானார்.

கதை அங்கே முடியலை. அடுத்த ஆண்டே, வலுவான லேசர் ஒளி ராமன் விளைவைத் தூண்டிப் பலமடங்கு பெருக்குவதைக் கண்டார்கள். ஒளியின் வலுவுக்கேற்ப பொருளின் போக்கே மாறும் இந்தத் துறைக்கு நேரிலா ஒளியியல் என்று பெயர். 2004-ல் கிராஃபைட்டிலிருந்து ஒற்றை அடுக்கைப் பிரித்தார்கள், அதுதான் கிராஃபீன். பிரித்தது ஒற்றை அடுக்கா, பல அடுக்கா என்று ராமன் விளைவை வைத்தே 2006-ல் கண்டுபிடித்தார்கள். இப்போது சிலிக்கன் சில்லில், முடியைவிட மெல்லிய ஒளிப்பாதைமேல் கிராஃபீனைப் பதித்து, ஒளியைக் கூட்டிக் குறைக்கிறார்கள். கிருஷ்ணன் கைவைத்த இரண்டு விஷயமும் ஒரே சில்லில் சேர்ந்துவிட்டன. பார்க்கத்தான் அவர் இல்லை.

தம்பி தங்கைகளே, வத்திராயிருப்பும் சின்ன ஊர்தான். செஞ்சிக்கு வாங்க, இதைப் பேசிக்கிட்டே ராஜகிரி ஏறுவோம்.