தோட்டாவின் வேகத்தை அளந்தவர்

பெரம்பலூருக்கு வடக்கே நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையைக் கண்ட அன்பர்கள், 1751-ஆம் ஆண்டில் அதனருகே வாலிகண்டபுரத்தில் ஆங்கிலக் கும்பினியின் வெள்ளைச் சிப்பாய்கள் புறங்காட்டி ஓடிய கதையை அறிந்திருப்பார்கள். அதே ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி, கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில், அக்கும்பினியின் தலைமைப் பொறியாளர் ஜுரத்தால் மாண்டதை அறிந்தவர் சிலரே. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற கணித மேதையே அவர்.

1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் எளிய குவேக்கர் குடும்பத்தில் ராபின்ஸ் பிறந்தார். யுத்தத்தை வெறுக்கும் மரபில் பிறந்தவர் பீரங்கிக் கணக்கால் புகழ் பெற்றது விந்தையே. சர்வகலாசாலையில் பயிலாதவர்; ஆயினும் 1742-ல் அவர் வெளியிட்ட நூல் துப்பாக்கிக் கலையைச் சாஸ்திரமாக்கிற்று.

ஒரு பொருளின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரியை நிறுத்துவது வெற்று லாரியை நிறுத்துவதினும் கடினமாவது இதனாலேயே. இரு பொருள்கள் மோதுங்கால், வெளிவிசை குறுக்கிடாதவரை, ஒன்று இழக்கும் உந்தத்தை மற்றொன்று பெறும், மொத்தம் மாறாது.

இவ்விதியையே ராபின்ஸ் கருவியாக்கினார். ஊசல்போலத் தொங்கும் மரக்கட்டையின் மீது சுட்டார். தோட்டா அதிற் புதைய, இரண்டும் சேர்ந்து மெல்ல ஆடின. கட்டையும் தோட்டாவும் சேர்ந்து தோட்டாவைப்போல் 600 மடங்கு நிறையுள்ளனவாயின், அவற்றின் வேகம் தோட்டாவின் வேகத்தில் 600-ல் ஒரு பங்காகும். ஆட்டத்தின் அளவை நாடாவால் அளந்து, கண்ணுக்கெட்டா வேகத்தைக் கணக்கிட்டார். வினாடிக்கு 1,600 அடிக்கும் மேல்! காற்றின் தடை அறிஞர் எண்ணியதினும் மிகப் பெரிதென்பதும் வெளியாயிற்று. 1745-ல் ஆய்லர் அந்நூலை ஜெர்மன் மொழியிற் பெயர்த்து விரிவுரை எழுதினார். 1746-ல் ராயல் சங்கத்தின் காப்ளி பதக்கம் ராபின்ஸுக்குக் கிடைத்தது.

அத்தகைய அறிவைக் கும்பினி 1749-ல் கூலிக்கு அமர்த்திக்கொண்டது. மறு ஆண்டு கோட்டைகளைச் செப்பனிட வந்த ராபின்ஸ், ஓராண்டிலேயே நம் மண்ணில் மறைந்தார்.

நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. நவாப் பதவிக்குப் பொருத சந்தா சாகிபும் முகம்மதலியும் அந்நியரின் துப்பாக்கியைத் துணைக்கழைத்தனர். கும்பினியோ துப்பாக்கியின் கணக்கறிந்தவரையே அழைத்து வந்தது. வாலிகண்டபுரத்தில் ஓடிய கும்பினி பின்னர் நாட்டையே ஆண்டதற்குக் காரணங்கள் பல. இவ்வேற்றுமையும் அவற்றுள் ஒன்றென்றே கருதுகிறோம். உந்த விதி சாதி, தேசம் பாராதது. கற்றவருக்கே அது துணை. நம் சிறுவர் அதை மனப்பாடம் செய்தல் போதாது. ஒரு கட்டையைத் தொங்கவிட்டு, ஒரு கல்லை எறிந்து, தாமே அளந்து பார்க்கட்டும்.