தொழிலாளியின் வாசலுக்குப் போன கேமரா: செய்தியாளர் எட்வர்ட் ஆர். மர்ரோவின் வாழ்க்கை

1960 நவம்பர் 25ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பானது. அதற்கு முந்தின நாள்தான் நன்றி நவிலும் திருநாள். அமெரிக்கர்கள் குடும்பமாகக் கூடி, விளைச்சலுக்கு நன்றி சொல்லி, வயிறார விருந்துண்ணும் நாள் அது. அந்த விருந்துக்கு வந்த காய்கறிகளையும் பழங்களையும் பறித்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை மறுநாளே அந்தப் படம் காட்டியது. அதன் பெயர் 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்'. வெட்கக்கேடான அறுவடை என்று பொருள் கொள்ளலாம். படத்தை வழங்கியவர் எட்வர்ட் ஆர். மர்ரோ.

அப்போது அவருக்கு வயது 52. போர்முனைச் செய்திகளால் உலகப் புகழ் பெற்றவர். பெரும் பதவிகளையும் விருதுகளையும் பார்த்தவர். ஆயினும் அவருடைய வேர் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில்தான் இருந்தது.

வயலும் மரவெட்டு முகாமும்

1908 ஏப்ரல் 25ஆம் தேதி வட கரோலினா மாநிலத்தில், போல்கேட் கிரீக் என்ற சிற்றூரில் மர்ரோ பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எக்பர்ட். கிறிஸ்துவ சமயத்தின் குவேக்கர் பிரிவைச் சேர்ந்த குடும்பம். மரக்கட்டைகளால் கட்டிய வீடு, மின்சாரம் கிடையாது. விளைச்சலில் கிடைத்த வருமானம் போதவில்லை.

மர்ரோ சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் பிழைப்புத் தேடி நாட்டின் மறு கோடிக்குப் போனது. வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லைக்கு அருகே உள்ள பிளான்சார்ட் என்ற ஊரில் குடியேறினார்கள். காட்டு மரங்களை ஏற்றிச் செல்லும் ரயிலில் தந்தைக்கு வேலை கிடைத்தது. மர்ரோவும் பதின்ம வயதில் மரவெட்டு முகாம்களில் வேலை செய்தார். கல்லூரிக்குப் போகப் பணம் சேர்ப்பதற்காகப் படிப்பைத் தள்ளிப்போட்டுக் காட்டிலேயே உழைத்த காலமும் உண்டு.

பின்னர் வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பேச்சுக்கலை கற்பித்த ஐடா லூ ஆண்டர்சன் என்ற ஆசிரியை அவர் வாழ்வைத் திசை திருப்பினார். இளம்பிள்ளை வாதத்தால் உடல் பாதிக்கப்பட்டவர் அந்த ஆசிரியை. எந்தச் சொல்லை அழுத்த வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று மாணவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் கோடிக்கணக்கானோர் அடையாளம் கண்டுகொண்ட மர்ரோவின் குரலுக்குப் பின்னால் இந்த ஆசிரியையின் உழைப்பு இருந்தது.

1930இல் பட்டம் பெற்ற மர்ரோ, நியூயார்க்கில் அனைத்துலகக் கல்விக் கழகம் ஒன்றில் பணியாற்றினார். ஹிட்லரின் ஆட்சியில் வேலையிழந்த பேராசிரியர்களை அமெரிக்காவுக்கு அழைத்து வர உதவிய குழுவிலும் முக்கியப் பங்காற்றினார். 1934இல் ஜேனட் புரூஸ்டரை மணந்தார். மறு ஆண்டு சி.பி.எஸ். வானொலியில் சேர்ந்தார். அதுவரை எந்த நாளேட்டிலும் அவர் செய்தியாளராக இருந்ததில்லை.

லண்டன் கூரையிலிருந்து ஒலித்த குரல்

1937இல் சி.பி.எஸ். அவரை லண்டனுக்கு அனுப்பியது. உரையாற்றுபவர்களை ஏற்பாடு செய்வதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. 1938 மார்ச்சில் ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தபோது நிலைமை மாறியது. மர்ரோ ஒரு விமானத்தை வாடகைக்கு எடுத்து வியன்னாவுக்குப் பறந்தார். ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து செய்தியாளர்கள் ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து நேரலையில் பேசும் முறை அந்த வாரத்தில்தான் பிறந்தது. இன்று எல்லாத் தொலைக்காட்சிகளும் கையாளும் முறைக்கு அது முன்னோடி.

1940இல் லண்டன் மீது குண்டுமழை பொழிந்தபோது, மர்ரோ கட்டடக் கூரைகளில் நின்று நேரலையாகப் பேசினார். ஓரிரவு ஒலிவாங்கியைத் தரையோரம் தாழ்த்தி வைத்தார். பதுங்குமிடத்தை நோக்கிப் பதற்றமில்லாமல் நடந்து செல்லும் சாதாரண மக்களின் காலடி ஓசை கடல் கடந்து அமெரிக்க வீடுகளில் கேட்டது. போரைத் தலைவர்களின் அறிக்கைகளாக மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு அது புதியது.

குண்டு வீசும் விமானங்களிலும் அவர் பலமுறை பறந்தார். 1943 டிசம்பரில் பெர்லின் மீது பறந்து திரும்பி அவர் சொன்ன செய்தி பெரிதும் பேசப்பட்டது. அந்தத் தாக்குதலில் உடன் சென்ற செய்தியாளர்கள் சிலர் திரும்பி வரவேயில்லை. 1945 ஏப்ரலில் பூகன்வால்ட் வதைமுகாமுக்குள் சென்று, கண்டதைக் கண்டபடியே வானொலியில் சொன்னார்.

ஒரு சிற்றூர் லெப்டினன்டின் வழக்கு

போருக்குப் பின் தொலைக்காட்சி வளர்ந்தது. 1951 நவம்பர் 18ஆம் தேதி, தயாரிப்பாளர் பிரெட் பிரெண்ட்லியுடன் இணைந்து 'சீ இட் நவ்' என்ற வார நிகழ்ச்சியை மர்ரோ தொடங்கினார். முதல் நிகழ்ச்சியிலேயே அட்லாண்டிக் கரையையும் பசிபிக் கரையையும் ஒரே நேரத்தில் நேரலையில் காட்டினார்கள்.

அது அமெரிக்காவில் அச்சம் நிறைந்த காலம். கம்யூனிஸ்டு என்று சந்தேகிக்கப்பட்டால் போதும், வேலை போய்விடும். செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி அந்த அச்சத்தை அரசியலாக்கிப் பெரும் செல்வாக்குடன் இருந்தார்.

1953இல் டெட்ராய்ட் நகர நாளேட்டில் வந்த ஒரு செய்தி மர்ரோவின் கண்ணில் பட்டது. மிச்சிகன் மாநிலத்தின் டெக்ஸ்டர் என்ற சிற்றூரில் மைலோ ரடுலோவிச் என்ற இளைஞர் இருந்தார். விமானப்படையின் சேமப்படையில் லெப்டினன்ட். அப்போது பல்கலைக்கழக மாணவர். அவரைப் பாதுகாப்பு ஆபத்தானவர் என்று கூறி விமானப்படை பதவியிலிருந்து நீக்கப் பார்த்தது. அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. அவருடைய தந்தை, தம் தாய்நாடான செர்பியாவின் மொழியில் வந்த ஒரு பத்திரிகையைப் படித்தார் என்பதும், சகோதரியின் அரசியல் சார்பும்தான் காரணம். ஆதாரம் என்ன என்பதை விசாரணையில் அவரிடமே காட்டவில்லை.

மர்ரோவின் குழு கேமராவுடன் டெக்ஸ்டருக்குப் போனது. லெப்டினன்டிடம் பேசியது. அவருடைய தந்தையிடமும் சகோதரியிடமும் ஊர்க்காரர்களிடமும் பேசியது. அக்டோபர் 20ஆம் தேதி ஒளிபரப்பான அந்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்ய நிறுவனம் முன்வரவில்லை. மர்ரோவும் பிரெண்ட்லியும் 1,500 டாலரைத் தங்கள் சொந்தப் பையிலிருந்து கொடுத்து நாளேட்டில் விளம்பரம் போட்டார்கள். ஐந்தே வாரத்தில், விமானப்படைச் செயலாளர் அதே நிகழ்ச்சியில் தோன்றி, ரடுலோவிச் பதவியில் நீடிப்பார் என்று அறிவித்தார்.

அடுத்த அடி மெக்கார்த்தியை நோக்கியது. 1954 மார்ச் 9ஆம் தேதி ஒளிபரப்பான நிகழ்ச்சியில் மெக்கார்த்தியின் பேச்சுகளையும் விசாரணைகளையும் படமாகவே போட்டுக் காட்டி, எங்கே உண்மை பிசகுகிறது என்பதை மர்ரோ ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளும் கடிதங்களும் பெரும்பாலும் ஆதரவாகவே இருந்தன. ஏப்ரல் 6ஆம் தேதி பதிலளித்த மெக்கார்த்தி, மர்ரோ முன்பு கல்விக் கழகத்தில் செய்த வேலையையே அவருக்கு எதிரான குற்றச்சாட்டாக மாற்றினார். அது எடுபடவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி செனட் சபை 67க்கு 22 என்ற வாக்குகளில் மெக்கார்த்தியைக் கண்டித்தது.

மெக்கார்த்தியை வீழ்த்தியவர் மர்ரோ ஒருவரே என்று சொல்வது சரியாகாது. நாளேட்டுச் செய்தியாளர்கள் பலர் அவருக்கு முன்பே துணிந்து எழுதியிருந்தார்கள். ராணுவம் தொடர்பான விசாரணைகளும் மெக்கார்த்தியின் செல்வாக்கைக் குறைத்தன. ஆனால் மற்ற தொலைக்காட்சிகள் தயங்கிய நேரத்தில் மர்ரோ பேசினார். பேசுவதற்கு முன்பு, பெயர் தெரியாத ஓர் இளைஞரின் ஊருக்குப் போய் அவருடைய கதையைக் கேட்டார்.

துணிச்சலுக்கு விலை

விருதுகள் வந்தன. ஒலிபரப்புத் துறையின் உயரிய பீபடி விருதையும் தொலைக்காட்சிக்கான எம்மி விருதையும் மர்ரோ பலமுறை பெற்றார். ஆனால் விளம்பரதாரர்கள் விலகினார்கள். 1955இல் 'சீ இட் நவ்' வாராந்திர நேரத்தை இழந்தது. 1958இல் நின்றே போனது. புகழ்பெற்றவர்களின் வீடுகளுக்குக் கேமராவை அனுப்பி, நிலையத்தில் இருந்தபடியே அவர்களோடு உரையாடும் 'பெர்சன் டு பெர்சன்' என்ற இலகுவான நிகழ்ச்சியையும் அவர் நடத்திவந்தார். கூடுதலான நேயர்களைக் கொண்டுவந்தது அதுதான்.

1958 அக்டோபர் 15ஆம் தேதி சிகாகோவில் செய்தி இயக்குநர்களின் கூட்டத்தில் மர்ரோ உரையாற்றினார். கல்வி புகட்டக்கூடிய ஒரு கருவி வெறும் கேளிக்கைப் பெட்டியாகச் சுருங்குகிறது என்று தம் தொழிலையே கடுமையாக விமர்சித்தார். அதன் பிறகு சி.பி.எஸ். தலைமைக்கும் அவருக்கும் இடையே இருந்த இடைவெளி பெரிதாகிவிட்டது.

விடியற்காலையில் லோரி ஏறியவர்கள்

அந்தச் சூழலில் வந்ததுதான் 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்'. தயாரிப்பாளர் டேவிட் லோவும் படக்குழுவும் மாதக்கணக்கில் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்தார்கள். புளோரிடாவில் அவரை பறிக்கும் பருவம் முடிந்ததும், அவர்கள் அறுவடையைத் தேடி வடக்கே மாநிலம் மாநிலமாகப் போவார்கள். அவர்களில் கறுப்பினத்தவரும் இருந்தார்கள், வெள்ளையரும் இருந்தார்கள்.

படத்தின் தொடக்கத்தில், வேலைக்காகக் கூடி நிற்கும் கூட்டத்தைக் காணலாம். ஆள் பிடிப்பவர்கள் அன்றைய கூலியைக் கூவுகிறார்கள். மக்கள் ஓடிப் போய் லோரிகளில் ஏறுகிறார்கள். தோட்டத்தில் கங்காணிக்கு இருந்த இடம் அங்கே குழுத் தலைவருக்கு. ஆள் சேர்ப்பதும் வண்டியில் ஏற்றிச் செல்வதும் வேலை வாங்குவதும் அவர்தான்.

எட்டு வயதிலிருந்து வயலில் உழைக்கும் 29 வயதுத் தாய் ஒருவர் படத்தில் பேசுகிறார். காலையிலிருந்து மாலை வரை பாடுபட்டு அன்று அவர் சம்பாதித்தது ஒரு டாலர். இன்னொரு குடிசையில், தாய் வேலைக்குப் போய்விட, ஒன்பது வயதுப் பையன் தங்கைகளைக் கவனித்துக்கொள்கிறான். படுக்கையில் எலி கடித்த ஓட்டை. தொழிலாளர்கள் மட்டுமல்லாமல் நில உரிமையாளர் சங்கத்தின் தரப்பும், அன்றைய தொழிலாளர் துறைச் செயலாளர் ஜேம்ஸ் மிட்செலும் படத்தில் பேசினார்கள். உணவு விளைவிப்பவர்களுக்குச் சட்டத்தை மாற்றும் பலம் இல்லை, பார்ப்பவர்களுக்கு இருக்கலாம் என்ற பொருளில் மர்ரோ படத்தை முடித்தார்.

நில உரிமையாளர்கள் கொதித்தார்கள். படம் ஒருதலைப்பட்சம் என்றார்கள். ஆனால் அந்தத் தொழிலாளர்களின் நிலை நாடு முழுவதும் பேசுபொருளானது. 1962இல், இடம்பெயரும் விவசாயத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி அளிக்கும் சட்டம் நிறைவேறியது. அதே வேளையில், தொழிற்சங்க உரிமை தரும் 1935ஆம் ஆண்டின் தேசியச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்ட விவசாயத் தொழிலாளர்கள் இன்றும் அதற்குள் வரவில்லை. ஒரு படம் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கும், எங்கே நின்றுவிடும் என்பதற்கும் இது சான்று.

அரசுப் பதவியும் ஒரு சறுக்கலும்

1961 ஜனவரியில் மர்ரோ சி.பி.எஸ்.-ஐ விட்டு விலகினார். அமெரிக்காவைப் பற்றி வெளிநாடுகளில் எடுத்துச் சொல்லும் அரசுத் தகவல் நிறுவனத்தின் தலைவராக அதிபர் கென்னடி அவரை நியமித்தார். சில வாரங்களிலேயே ஒரு சோதனை வந்தது. 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' படத்தை பி.பி.சி. ஒளிபரப்பவிருந்தது. அதைக் காட்ட வேண்டாம் என்று பி.பி.சி. தலைமையிடம் மர்ரோவே கேட்டுக்கொண்டார். பி.பி.சி. மறுத்து, படத்தைக் காட்டியது. செய்தி வெளியானபோது அவர் பெயருக்கு இழுக்கு ஏற்பட்டது.

உண்மையைக் காட்டுவதற்காக வாழ்நாளெல்லாம் போராடியவர், பதவியில் அமர்ந்ததும் தம் படத்தையே மறைக்கப் பார்த்தார். அவருடைய வாழ்க்கையைச் சொல்பவர்கள் இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. செய்தியாளர் நாற்காலியும் அரசாங்க நாற்காலியும் ஒன்றல்ல என்பதை இந்தச் சம்பவத்தைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது.

விடாத சிகரெட்

மர்ரோவின் படங்களில் அவர் விரலிடுக்கில் சிகரெட் இல்லாத படம் குறைவு. ஒரு நாளைக்கு 60க்கும் மேல் பிடிப்பார். 1955இலேயே, புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இரண்டு பாகங்களாக 'சீ இட் நவ்' காட்டியது. தாம் வழங்கிய செய்தியை அவரால் பின்பற்ற முடியவில்லை. 1963இல் புற்றுநோயால் ஒரு நுரையீரல் அகற்றப்பட்டது. 1964இல் அதிபரின் சுதந்திரப் பதக்கமும், 1965இல் பிரிட்டனின் கௌரவப் பட்டமும் கிடைத்தன. 1965 ஏப்ரல் 27ஆம் தேதி, 57ஆம் பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள், நியூயார்க் மாநிலத்தில் உள்ள தம் பண்ணையில் காலமானார்.

அவர் படித்த கல்லூரி இன்று பல்கலைக்கழகம். அங்குள்ள ஊடகக் கல்லூரிக்கு அவர் பெயர். அவர் சிகாகோவில் யாரிடம் கடுமையாகப் பேசினாரோ, அதே செய்தி இயக்குநர் சங்கம் 1971 முதல் அவர் பெயரில் விருது வழங்கி வருகிறது. அந்த விருது பெரிய நிலையங்களோடு நின்றுவிடவில்லை. வட்டார அளவில் சிறிய உள்ளூர் நிலையங்களுக்கும் உண்டு. டெக்ஸ்டரைப் போன்ற ஏதோ ஒரு சிற்றூரில், யாரும் கண்டுகொள்ளாத ஒருவரின் வாசலுக்குப் போய்ச் செய்தி சேகரிக்கும் இளம் செய்தியாளர் அதைப் பெறும்போதுதான், மர்ரோவின் பெயர் அந்த விருதுக்குச் சரியாகப் பொருந்துகிறது.